தண்டிக்கும் கை யாருடையது?

திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்றங்களில் நாள்தோறும் குற்ற வழக்குகள் அழைக்கப்படுகின்றன. அவற்றின் தலைப்பைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். களவு கொடுத்தவர் ஒரு வீட்டுக்காரராக இருக்கலாம். அடிபட்டவர் ஒரு கடைக்காரராக இருக்கலாம். மகனை இழந்தவர் ஓர் ஏழைத் தாயாக இருக்கலாம். ஆனால் வழக்கின் பெயரோ, 'கேரள அரசு எதிர் இன்னார்' என்றே அமைந்திருக்கும். பாதிக்கப்பட்டவரின் பெயர் சாட்சிகளின் பட்டியலில்தான் வரும். வழக்கை நடத்துவது அரசு. தண்டனை கேட்பதும் அரசு. தீர்ப்புக்குப் பின் அதை நிறைவேற்றுவதும் அரசு.

நிலத்தகராறோ கடன் தகராறோ வந்தால் இருவர் தமக்குள் வழக்காடுகிறார்கள். அது உரிமையியல். ஆனால் ஒருவன் திருடினால், தாக்கினால், கொன்றால், அவன் ஒரு மனிதருக்கு மட்டுமே தீங்கிழைத்தான் என்று சட்டம் கருதுவதில்லை. சமுதாயம் முழுவதற்கும் எதிராகக் குற்றம் இழைத்தான் என்றே கருதுகிறது. ஆகவேதான் சமுதாயத்தின் சார்பில் அரசு முன்வந்து நிற்கிறது.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. அரசு என்பது யார்? மன்னராட்சிக் காலத்தில் அதற்கு விடை எளிது. சிங்காசனத்தில் அமர்ந்திருப்பவரே அரசு. குடியாட்சியில் அந்த இடத்தில் இருப்பவர்கள் நாம். நம் பெயரால்தான் ஒருவன் சிறைக்கு அனுப்பப்படுகிறான். நம் பெயரால்தான் ஒருவன் கழுத்தில் கயிறு ஏறுகிறது. அப்படியானால் அந்தத் தண்டனை நியாயமானதா, அளவானதா, அது எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பனவற்றை அறிந்திருக்க வேண்டிய கடமை நமக்கு உண்டல்லவா?

சட்டம் எதைக் குற்றம் என்கிறது?

1860ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது நின்று, 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது. பழையதில் 511 பிரிவுகள், புதியதில் 358. இது நாடு முழுவதற்கும் பொதுவானது. இதனுடன் மாநிலங்கள் இயற்றும் சட்டங்களும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலிலும், காவல்துறையும் சிறைகளும் மாநிலப் பட்டியலிலும் வைக்கப்பட்டுள்ளன. எனவே 2011ஆம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டம் போன்றவை அந்த மாநிலத்துக்கு மட்டும் உரியவை. கேரளத்தில் மதுவிலக்கு, கலால் குற்றங்களுக்கான அப்காரிச் சட்டம், கொல்லம் ஆண்டு 1077இன் முதல் சட்டம் என்றே இன்றும் சுட்டப்படுகிறது. மன்னர் காலத்து ஆண்டுக்கணக்கு ஒரு சட்டத்தின் பெயரில் இப்படி உயிரோடு இருக்கிறது.

எந்தச் சட்டமாயினும் அடிப்படை ஒன்றே. குற்றத்துக்கு இரண்டு அங்கங்கள் வேண்டும். ஒன்று, செயல், மற்றொன்று, அச்செயலுக்குப் பின்னால் உள்ள எண்ணம். மழைநாளில் கோயில் வாசலிலிருந்து தம் குடை என்று நினைத்துப் பிறர் குடையை எடுத்துச் செல்பவர் திருடர் அல்லர். அதே குடையை, பிறருடையது என்று தெரிந்தே, திருப்பித் தரும் எண்ணமின்றி எடுப்பவர் திருடர். கை செய்தது ஒன்றே. மனம் செய்தது வேறு.

ஓர் உயிர் போவதையே எடுத்துக்கொள்வோம். திட்டமிட்டுக் கொன்றால் அது கொலை. மரணமோ ஆயுள் தண்டனையோ கிடைக்கும். திடீரெனக் கிளர்ந்த கடும் சினத்தில் தன்னிலை இழந்து செய்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அது கொலைக்குக் கீழான குற்றமாகக் கருதப்படும். கவனக்குறைவாக வண்டியோட்டி ஓர் உயிர் போனால் தண்டனை மேலும் குறையும். தன் உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றித் தாக்கியிருந்தால் அது குற்றமே ஆகாமல் போகலாம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை எது செய்தாலும் குற்றமில்லை. தான் செய்வது இன்னதென்று அறியாத அளவுக்கு மனநிலை பிறழ்ந்தவரையும் சட்டம் தண்டிப்பதில்லை. இறந்தவர் இறந்தவரே எனினும், இறக்கச் செய்தவரின் உள்ளத்தைச் சட்டம் தன்னால் இயன்ற அளவு துருவிப் பார்க்கிறது.

தண்டனைகளும் படிப்படியாக அமைந்தவை. மரணம், ஆயுள் சிறை, கடுங்காவல், வெறுங்காவல், சொத்துப் பறிமுதல், அபராதம் என்று முன்பு இருந்தவற்றோடு 2024 முதல் சமுதாய சேவையும் சேர்ந்துள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடிய ஒருவர், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சிறைக்குப் பதில் சமுதாய சேவை விதிக்கச் சட்டம் வழி செய்கிறது. சாதாரணத் திருட்டுக்கு உச்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை. இந்த மூன்றாண்டு என்ற அளவை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவோம்.

பாவமும் குற்றமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நன்றி மறத்தல் பெரும் பாவம். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. உள்ளத்தில் வஞ்சம் வைத்திருப்பவனை எந்த நீதிமன்றமும் அழைப்பதில்லை. மறுபுறம், உரிமம் புதுப்பிக்காமல் வண்டியோட்டுவது குற்றம்; அதைப் பாவம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சட்டம் வெளிவாசலைக் காக்கும் காவற்காரன். வீட்டுக்குள் விளக்கேற்றுவது அவன் வேலையன்று.

சுசீந்திரத்தின் கொதிநெய்

மனிதன் மனிதனைத் தீர்ப்பிடுவது எளிய செயலன்று என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். அந்த அச்சத்திலிருந்து பிறந்த வழக்கம் ஒன்று, இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியிலும் அடங்கிய சுசீந்திரத்தில் இருந்தது. இந்திரன் தன் பாவம் நீங்கித் தூய்மை பெற்ற தலம் என்பது அவ்வூரின் புராணம். அங்குள்ள தாணுமாலயன் கோயிலில், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் 'கைமுக்கு' என்னும் சோதனைக்கு உட்பட்டனர். கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் பொருளை எடுக்கவேண்டும். பின் கைக்குக் கட்டுப் போட்டு, சில நாட்கள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். கை புண்ணாகாமல் இருந்தால் அவர் குற்றமற்றவர், புண்ணாகியிருந்தால் குற்றவாளி.

இதைக் கொடுமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதன் உள்ளே இருந்த எண்ணத்தையும் பார்க்கவேண்டும். 'உண்மை எங்களுக்குத் தெரியாது. தெய்வமே, நீ சொல்' என்று பொறுப்பை மேலே ஒப்படைக்கும் முயற்சி அது. அதில் பணிவு இருந்தது. பொறுப்பிலிருந்து நழுவுதலும் இருந்தது. தெய்வம் நமக்கு அறிவையும் மனச்சாட்சியையும் கொடுத்திருப்பது, சாட்சியங்களை ஆராய்ந்து நாமே நியாயம் காண்பதற்காக அல்லவா? அந்த உழைப்பைச் செய்யாமல் கொதிநெய்யிடம் தீர்ப்பைக் கேட்டால், சுட்டது நெய்யின் குணமேயன்றித் தெய்வத்தின் வாக்கு ஆகாது.

1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இந்த வழக்கத்தை நிறுத்தினார். இசைமேதை என்றே பெரும்பாலும் நாம் அறிந்திருக்கும் அம்மன்னரின் காலத்தில்தான் திருவிதாங்கூரில் நீதிமன்றங்களுக்குரிய சட்டத்தொகுப்பும் உருவாயிற்று. சாட்சியத்தைக் கேட்டு மனிதர் தீர்ப்பளிக்கவேண்டும்; தவறு நேர்ந்தால் மேல்முறையீடு வேண்டும் என்னும் நெறி வலுப்பெற்றது. ஆயினும் எல்லாருக்கும் ஒரே தண்டனை என்ற நிலை உடனே வந்துவிடவில்லை. பிராமணர்க்கும் பெண்களுக்கும் தூக்கு இல்லை என்பது பழைய திருவிதாங்கூர் நீதிமுறையில் ஒரு விதியாக இருந்தது. செய்த செயலைப் பார்ப்பதற்கு முன் செய்தவரின் பிறப்பைப் பார்க்கும் வழக்கம் விலக நெடுங்காலம் பிடித்தது.

தாமதமாக வந்த மன்னிப்பு

திருவிதாங்கூரைப் பற்றி வழங்கிவரும் இன்னொரு செய்தி உள்ளத்தை உலுக்குவது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவருக்கு மகாராஜா மன்னிப்பு ஆணையில் கையெழுத்திடுவாராம். தூதன் அதை எடுத்துக்கொண்டு சிறைக்கு வருவான். ஆனால் அவன் வந்து சேரும்போது தூக்கு நிறைவேறி முடிந்திருக்கும். அப்படி முடிந்திருக்கும்படியே அவன் புறப்பட்டிருப்பான். தண்டனையும் நடந்துவிடும், பாவமும் மன்னரைச் சேராது.

அடூர் கோபாலகிருஷ்ணன் 2002ஆம் ஆண்டு இயக்கிய 'நிழல்குத்து' என்னும் மலையாளத் திரைப்படம் இச்செய்தியை அடியொற்றி அமைந்தது. அதன் நாயகன் காளியப்பன் ஒரு ஆராச்சார், அதாவது தூக்கிலிடும் பணியாளன். அரசின் மானியத்தில் வாழ்பவன். அவன் பயன்படுத்திய தூக்குக் கயிற்றின் சாம்பல் நோய் தீர்க்கும் என்று ஊரார் தேடி வருவார்கள். அவனோ தான் தூக்கிலிட்ட ஒருவன் நிரபராதி என்ற நினைவில் நொந்து, குடியில் மூழ்குகிறான். தீர்ப்பளித்தவர் சட்டத்தைச் சொல்லி விலகிக்கொள்கிறார். மன்னர் மன்னிப்பை அனுப்பி விலகிக்கொள்கிறார். ஊரார் சாம்பலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாரம் முழுவதும் கயிற்றை இழுத்த ஏழையின் தலையில் இறங்குகிறது. 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் பழமொழிக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

இதற்கு நேர்மாறான ஓர் அரசனைத் தமிழ் அறியும். பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது அவன் காவலரைக் குறைகூறவில்லை, பொற்கொல்லனைக் குறைகூறவில்லை. தன் கோல் வளைந்தது என்று உணர்ந்த அக்கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அவன் செய்தது பெரும் பிழை. ஆயினும் இருபது நூற்றாண்டு மரபு அவனை மதிப்போடு நினைப்பதற்குக் காரணம், தண்டித்த கை தன்னுடையது என்று அவன் ஒப்புக்கொண்டதே.

தண்டம் என்ற வடசொல்லுக்குக் கோல் என்று பொருள். தமிழிலும் ஆட்சியின் அடையாளம் செங்கோல்தான். வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்று அடுத்தடுத்து 55, 56, 57ஆம் அதிகாரங்களை அமைத்துவிட்டு, 58ஆம் அதிகாரமாகக் கண்ணோட்டத்தை வைக்கிறார். கொடியவரைத் தண்டிப்பதைப் பயிர் காக்கக் களை எடுப்பதோடு ஒப்பிட்டவரும் அவரே. எனவே அவர் தண்டனையே வேண்டாம் என்பவர் அல்லர். தண்டனை நேராக இருக்கவேண்டும், அளவோடு இருக்கவேண்டும், அதன் பின்னே இரக்கம் நிற்கவேண்டும் என்பதே அந்த வரிசை நமக்கு உணர்த்துவது.

கயிறு அறுந்த ஆண்டுகள்

1944ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு மரண தண்டனையை ஒழித்தது. அப்போது அரியணையில் இருந்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. திவான், சர் சி. பி. ராமசுவாமி ஐயர். மன்னிப்பைத் தாமதமாக அனுப்பும் சூழ்ச்சி இனித் தேவையில்லாமல் போயிற்று.

அதன் விளைவு என்ன? தூக்குக்கயிறு இல்லாவிட்டால் கொலைகள் பெருகிவிடும் என்று அஞ்சுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மரண தண்டனை பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு இப்பகுதியைச் சேர்ந்தது. தூக்கு இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரையிலான காலத்தில் இங்கு நடந்த கொலைகள் 962. அரசமைப்புச் சட்டம் வந்து, நாட்டின் பொதுவான தண்டனைச் சட்டம் இங்கும் நீட்டிக்கப்பட்டு, தூக்கு மீண்டும் இடம்பெற்ற 1950 முதல் 1955 வரையிலான காலத்தில் 967. இந்த எண்களைக் கொண்டு அளவுக்கு மீறி எதையும் நிறுவ முயலக்கூடாது. மக்கள்தொகையும் காலச்சூழலும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆனால் கயிறு அறுந்ததால் நாடு இரத்தக்களமாகவில்லை என்பதையாவது அவை சொல்கின்றன.

வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. தூக்கை ஒழித்த இரண்டே ஆண்டுகளில், 1946 அக்டோபரில், அதே அரசின் படையினர் ஆலப்புழைப் பகுதியில் புன்னப்பிராவிலும் வயலாறிலும் கிளர்ச்சி செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தினர். பலர் மாண்டனர். நீதிமன்றத்தில் விசாரித்துத் தூக்கிலிடுவதற்கே மனம் ஒப்பாத ஓர் அரசு, விசாரணையே இன்றிச் சுட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு தண்டனையை நீக்குவது வேறு. தண்டிக்கும் வேட்கையை உள்ளத்திலிருந்து நீக்குவது வேறு.

இன்று நாட்டில் மரண தண்டனை இருக்கிறது. ஆனால் 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம். கீழ் நீதிமன்றம் விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற இயலாது. அதன் பின் ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை கேட்கும் வழி உண்டு. திருவனந்தபுரம் பூஜப்புரை மத்திய சிறையில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1979இல். கேரளத்திலேயே கடைசித் தூக்கு 1991இல், கண்ணூர்ச் சிறையில்.

மூன்றாண்டுக்குப் பதில் மரணம்

இப்போது முன்பு சொன்ன மூன்றாண்டுக்கு வருவோம்.

2005 செப்டம்பர் 27 அன்று திருவனந்தபுரத்தில், ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் இருந்த ஓர் இளைஞரைக் காவலர்கள் பிடித்துக் கோட்டைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். அவரிடம் சுமார் நான்காயிரம் ரூபாய் இருந்தது; அது திருட்டுப் பணமோ என்ற ஐயம். அன்றே அவர் இறந்தார். இரும்புக் குழாயால் தொடைகளை உருட்டி நசுக்கிய காயங்களே காரணம் என்பது வழக்கு. திருட்டு மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் சட்டம் அவருக்கு விதித்திருக்கக்கூடிய உச்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை. அவர்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவும் இல்லை; அவர் நீதிபதியின் முன் நிறுத்தப்படவும் இல்லை.

கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லவேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்தவேண்டும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விடவேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகிறது. உறவினருக்குத் தெரிவிக்கவேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிகளை வகுத்திருந்தது. அவையெல்லாம் ஏட்டில் இருந்தன.

அந்த இளைஞரின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 2018 ஜூலையில் திருவனந்தபுரம் சிறப்பு நீதிமன்றம் காவலர் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. பல இடங்களில் மகிழ்ச்சி வெளிப்பட்டது. பின்னர் 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், புலன்விசாரணையின் குறைகளைச் சுட்டிக்காட்டி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தாய்க்கு எஞ்சியது மகனின் மரணம் மட்டுமே. அதற்குப் பொறுப்பானவர் யார் என்ற விடை அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த வழக்கை எண்ணிப் பார்க்குந்தோறும் இரண்டு உண்மைகள் முன்னே நிற்கின்றன. முதலாவது, விசாரணைக்கு முன்னே தண்டனை வந்தால் அது தண்டனை ஆகாது, அதுவே குற்றம். 'திருடனை நாலு தட்டுத் தட்டினால்தான் உண்மை வரும்' என்று தேநீர்க் கடையில் இயல்பாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சு காவல் நிலையத்தின் உள்ளறை வரை கேட்கிறது. அடிக்கும் கைக்கு அது துணிவு கொடுக்கிறது. இரண்டாவது, 2018இல் கேட்ட தூக்கு உடனே நிறைவேறியிருந்தால் 2025இன் தீர்ப்புக்குப் பொருளே இருந்திராது. எவ்வளவு நியாயமான சினமாக இருந்தாலும் சினத்தின் வேகத்தில் நீதி நடக்க இயலாது. 'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்பது பழமொழி. இன்றைய சட்டமோ அரசனும் நின்று, கேட்டு, மீண்டும் ஒருமுறை கேட்டுத்தான் செயல்படவேண்டும் என்கிறது. ஏனெனில் தெய்வம் தவறு செய்வதில்லை, அரசு தவறும்.

சிறைக்குப் பின்

தண்டனையின் நோக்கம் என்ன என்பதற்கு நான்கு விடைகள் கூறுவர். செய்ததற்கு ஈடு செய்யவைத்தல், பிறரை அச்சுறுத்தித் தடுத்தல், ஆபத்தானவனை விலக்கி வைத்தல், திருத்துதல். நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் முதல் மூன்றும் அரசு தனித்தே செய்துவிடக்கூடியவை. திருத்துதல் மட்டும் நம் துணையின்றி நடவாது.

பாலக்காடு அருகே வைத்தியநாதபுரத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த வி. ஆர். கிருஷ்ண ஐயர், 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்துக்கும் சிறைகளுக்கும் பொறுப்பேற்றவர். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், வேலை வாங்கித் தருவதாகக் கூறி ஏமாற்றிய ஓர் இளைஞனின் சிறைக்காலத்தைக் குறைத்து, அவனுக்கு மனத்தைத் தாழ்த்தாத, தகுதிக்கேற்ற வேலை தரவேண்டும் என்று ஆணையிட்டார். தியானப் பயிற்சி போன்றவை உள்ளத்தைத் திருத்த உதவும் என்பதையும் அத்தீர்ப்பில் எடுத்துரைத்தார். பழிவாங்குவது அரசின் வேலையன்று, மனிதனை மீட்பதே வேலை என்பது அவர் நிலைப்பாடு.

திருவனந்தபுரத்துக்கு அருகே, காட்டாக்கடைப் பகுதியில் உள்ள நெட்டுகால்தேரியில் 1962இல் திறந்தவெளிச் சிறை ஒன்று தொடங்கப்பட்டது. உயர்ந்த மதிலும் பூட்டிய கொட்டடியும் இல்லாமல், நன்னடத்தை காட்டிய கைதிகள் அங்கே ரப்பர் தோட்டத்தில் உழைக்கிறார்கள். ஓட எண்ணினால் ஓடலாம். ஓடாமல் இருப்பதே அவர்கள் பெறும் பயிற்சி. 2010ஆம் ஆண்டு கேரளம் இயற்றிய சிறைச் சட்டத்தின் பெயரிலேயே 'சீர்திருத்தப் பணிகள்' என்ற சொல் இடம்பெற்றது. 2011இல் பூஜப்புரைச் சிறையின் கைதிகள் சுட்ட சப்பாத்திகள் மலிவு விலையில் நகரத்தாருக்கு விற்கப்பட்டன. அத்திட்டத்துக்கு இட்ட பெயர், 'ஃப்ரீடம்'. கைதி தட்டிய சப்பாத்தியை எத்தனையோ குடும்பங்கள் தயக்கமின்றி வாங்கி உண்டன.

ஆனால் அதே கைதி விடுதலையாகி வாடகைக்கு வீடு கேட்டு வந்தால்? நம் கடையில் வேலை கேட்டால்? அவர் மகள் நம் மகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்தால்? நீதிமன்றம் ஐந்தாண்டு என்று அளந்து கொடுத்த தண்டனையை நாம் ஆயுள் தண்டனையாக நீட்டுகிறோம். அவர் செய்யாத குற்றத்துக்கு அவருடைய பிள்ளைகளையும் சேர்த்துத் தண்டிக்கிறோம். ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும், தெருவைக் கட்டுப்படுத்தாது. தெருவைக் கட்டுப்படுத்த வேண்டியது தர்மம்.

இங்கே ஒருவர் கேட்கக்கூடும்: 'குற்றவாளிக்காக இவ்வளவு பேசுகிறீர்களே, பாதிக்கப்பட்டவருக்காக யார் பேசுவது?' மிக நியாயமான கேள்வி. இழப்பு ஏதும் இன்றி இருப்பவர் இரக்கத்தைப் பற்றிப் பேசுவது எளிது. மகளை இழந்த தந்தையிடம் போய், மன்னித்துவிடுங்கள் என்று உபதேசிக்க எவருக்கும் உரிமை இல்லை. மன்னிப்பு அவருடைய செல்வம். கொடுப்பதும் கொடாததும் அவர் விருப்பம். நமக்கு உள்ள கடமை வேறு. வழக்கின் தலைப்பில் பெயர் இல்லாத அவரை நாம் மறந்துவிடலாகாது. சாட்சி சொல்ல ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறும் அவரோடு துணையாகச் சென்றோமா? பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் திட்டம் 2009ஆம் ஆண்டின் இறுதி முதல் சட்டத்தில் இருப்பதை அவருக்குச் சொன்னோமா? தூக்குத் தண்டனை கேட்டு உரக்கக் குரல் எழுப்பும் கூட்டம், தீர்ப்பு வந்த மறுநாள் அவர் வீட்டு வாசலில் இருப்பதில்லை. பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவும் குற்றம் புரிந்தவருக்கு நியாயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் கைவிடுபவர்கள்தாம் சினத்தை மட்டும் போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

நம் கடமை

அப்படியானால் சாதாரண மக்களாகிய நாம் செய்யக்கூடியவை எவை? மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, அறிதல். சட்டம் தெரியாது என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது என்பதைச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை, கைதானால் என்ன உரிமை என்பவற்றைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லிக் கொடுக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றம்தோறும் அதற்கான அலுவலகம் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை அண்டைவீட்டு ஏழைக்குச் சொன்னாலே அது பெரும் தானம்.

இரண்டாவது, பொறுத்தல். கைதானவர் குற்றவாளி ஆகிவிடவில்லை. செய்தித்தாளில் படம் வந்த அன்றே தீர்ப்பு எழுதிவிடும் பழக்கத்தை நாவிலிருந்து தொடங்கி விடவேண்டும். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பிய அரசனின் கதை நமக்கும் பாடம். இன்று பொற்கொல்லன் சொல் ஒவ்வொரு கைப்பேசியிலும் வருகிறது.

மூன்றாவது, ஏற்றல். தண்டனை முடிந்து வந்தவருக்கு ஒரு வேலை, ஒரு வீடு, 'வாருங்கள்' என்ற ஒரு சொல். எல்லாருக்கும் இது இயலாது. எல்லாச் சூழலிலும் தகாது. ஆனால் இயன்றவர் இயன்ற இடத்தில் செய்தால், எந்தச் சிறையும் செய்ய இயலாத திருத்தத்தை அது செய்யும்.

அன்று மகாராஜாவுக்கு ஒரு தூதன் இருந்தான். தாமதமாகப் போகச் சொன்னால் தாமதமாகப் போவான். நமக்கு அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. வஞ்சியூரில் நாளையும் வழக்குகள் அழைக்கப்படும். அரசு என்ற சொல் உச்சரிக்கப்படும்போதெல்லாம் அதில் நம் பெயரும் அடங்கியிருக்கிறது என்ற நினைவு இருக்குமானால், நம் தீர்ப்புகள் நிதானமாகும். நம் சொற்கள் அளவாகும். தண்டனை முடிந்து ஒருவர் வெளியே வரும் நாளில் நம் வாசற்கதவும் சற்றே திறக்கும்.